சாரணர் இயக்கமும் இந்திய இளைஞரும்

1907 ஆம் ஆண்டில் பிரவுன்சித் தீவில் பேடன் பவல் அமைத்த பாசறையில் செல்வர் வீட்டுச் சிறுவரும் உழைப்பாளர் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினர். சாரணர் இயக்கத்தைப் புகழ்வோர் இதனையே முதலிற் கூறுவர், மெய்தான். ஆனால் அச்சமத்துவம் கடல் கடந்து இந்தியாவை அடைந்தபோது என்னவாயிற்று என்று நாம் கேட்க வேண்டியுள்ளது.

1909 அளவில் அங்கு தோன்றிய குழுக்கள் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவருக்கே உரியனவாயிருந்தன. இந்தியச் சிறுவனுக்கு இடமில்லை. அணிவகுக்கவும் தடமறியவும் கற்றவன் அவ்வித்தையை நாளை யாருக்கெதிராகப் பயன்படுத்துவானோ என்ற அச்சம் ஆட்சியாளரைப் பிடித்திருந்தது. ஏழைக்கு எழுத்தறிவிக்க அஞ்சும் ஆண்டைமாரின் அச்சமும் இதே இனந்தான்.

கதவு திறக்கும்வரை காத்திராத அன்னி பெசண்ட் அம்மையார் 1917 இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணரைத் திரட்டினர். பெருந்திருவிழாக்களில் யாத்திரிகருக்குத் துணைநின்ற அவ்விளைஞருக்குச் சேவை என்பது பதக்கத்துக்கான பாடமாக இருக்கவில்லை.

1921 இல் பேடன் பவல் இந்தியா வந்தபின் பெசண்டின் சங்கம் அவரது அமைப்புடன் இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. அதனை நாம் பிடிவாதமென்று கொள்ளோம். கடவுளுக்கும் மன்னருக்கும் கடமைப்படுவதாகச் சத்தியம் செய்விக்கும் இயக்கத்தில், அம்மன்னன் அந்நியனாயிருக்கையில், இளைஞனின் நேர்மை எங்ஙனம் வளரும்?

விடுதலைக்குப்பின், 1950 நவம்பர் 7 இல், பிரிந்து நின்ற சங்கங்கள் பாரத சாரணர் அமைப்பாக ஒன்றாயின. 1951 இல் சாரணியரும் சேர்ந்தனர். சத்தியத்தில் மன்னர் இருந்த இடத்தில் நாடு அமர்ந்தது.