ஒரு அம்பாசிடர், மூணு இன்ஜின்

மாட்டுக் கொட்டகை ஓரமா தார்ப்பாய் போட்டு நிக்கிற அம்பாசிடர் என் சித்தப்பாவோடது. 1978 மாடல். வாடகைக்கு ஓட்டித்தான் ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தார். அதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வரணும்னு இறங்கிட்டேன். பாடி வேலை முடிஞ்சுது. இப்போ இன்ஜின்தான் கேள்வி.

முன்னால மூணு இருக்கு. ஒண்ணு, வண்டியிலயே இருக்கிற டீசல். ரெண்டு, 1986-ல அதுக்காகக் கழட்டி கொட்டகை மூலையில கட்டை மேல வெச்ச பழைய பெட்ரோல் இன்ஜின். மூணு, பழைய இரும்புக் கடையில மச்சான் பார்த்து வெச்ச இசுசு. நிலக்கடலை வித்த காசுக்கு ஒண்ணைத்தான் பிரிச்சு வேலை பார்க்க முடியும். எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, இந்த மூணும் அம்பாசிடருக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பார்த்தேன். அதுலயே பாதி பதில் கிடைச்சுது.

அம்பாசிடர் 1957-ல வந்துச்சு. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்சது. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாம் சீரிஸ்தான் அதோட மூலம். ஆனா முதல்ல நமக்குக் கிடைச்ச இன்ஜின் பழைய காலத்து 1476 சிசி. வால்வு எல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்கும். 1959-ல அதை எடுத்துட்டு, வால்வு தலைக்கு மேல வர்ற 1489 சிசி இன்ஜினைப் போட்டாங்க. பி.எம்.சி. கம்பெனியோட பி சீரிஸ். 55 குதிரைசக்தி. இங்கிலாந்துல எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார்ல ஓடினதும் இதே 1489 தான்.

முப்பது வருசத்துக்கு மேல இந்த பெட்ரோல் இன்ஜின் பெருசா மாறவே இல்லை. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், கிராங்குக்கு மூணே மெயின் பேரிங். அதிசயமா ஒண்ணும் கிடையாது. ஆனா மாறாம இருந்ததே அதோட பலம். ஊர் ஊருக்கு மெக்கானிக் அதுலதான் தொழில் கத்துக்கிட்டான். சந்து லேத்துக்காரருக்குக் கூட அதோட அளவு மனப்பாடம்.

டீசல் வந்த கதை வேற. 1973-ல அரபு நாடுகள் கச்சா எண்ணெய் விலையை ஏத்தினப்போ, சில மாசத்துல அது நாலு மடங்காச்சு. இங்க லாரி, பஸ், பம்புசெட்டுன்னு டீசல் விலையை அரசாங்கம் தாழ்த்தியே வெச்சுது. பெட்ரோல் ஏறிக்கிட்டே போச்சு. வாடகைக் கார்க்காரங்க என்ன பண்ணுவாங்க? பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு, கிடைச்ச டீசலை ஏத்தினாங்க. 1980 வாக்குல கம்பெனியே அதே பி சீரிஸ்ல 1489 சிசி டீசல் போட்டு வண்டி வித்துச்சு. சக்தி 37 தான்.

இதுல எனக்குப் பிடிச்ச செய்தி ஒண்ணு. இந்த டீசல் குடும்பத்து இன்ஜின் இங்கிலாந்துல லேலண்டு 154-ங்கிற சின்ன டிராக்டர்லயும், கால்வாய்ப் படகுகள்லயும் ஓடியிருக்கு. அப்போ மலை ஏறும்போது சித்தப்பா வண்டி உழவு ஓட்டுற மாதிரி முக்கினதுல ஆச்சரியம் இல்லை!

இசுசு 1990களோட தொடக்கத்துல வந்துச்சு. 1817 சிசி பெட்ரோல், 75 குதிரைசக்தி, அஞ்சு கியர். மூணுல நல்ல இன்ஜின் அதுதான், மறுக்கல. ஆனா அதுக்கு கியர்பாக்ஸும் மாத்தணும், மவுண்டிங்கும் புதுசா செய்யணும். பாகம் தேடி கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் அலையணும். மச்சான்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.

மிச்சம் ரெண்டு. சித்தப்பா டீசல்தான்னு ஒத்தைக்கால்ல நின்னார். "அந்த டீசல்தான்டா நமக்குச் சோறு போட்டுச்சு. அதைத் தூக்கி எறியப் போறியா?"ன்னு கேட்டார். அதுக்குப் பதில் சொல்றது கஷ்டமா இருந்துச்சு.

நான் கணக்கு போட்டுக் காட்டினேன். அவர் மாத்தினப்போ டீசல், பெட்ரோல்ல ஏறக்குறைய பாதி விலை. வண்டி தினமும் ஓடுச்சு. 2010-ல பெட்ரோல் விலையையும் 2014-ல டீசல் விலையையும் அரசாங்கம் கையை விட்டுருச்சு. இப்போ லிட்டருக்கு எட்டு ஒன்பது ரூபாய்தான் வித்தியாசம். நான் வாரத்துக்கு ஒரு தடவை சந்தைக்கு ஓட்டப்போறேன். எதுக்காக டீசல் வந்துச்சோ அந்தக் காரணமே இப்போ இல்லை.

அப்புறம் ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தோம். டீசல் கிராங்க்ல விரிசல். பெட்ரோல் பிளாக் ஒரு தடவைதான் போர் பண்ணியிருக்கு, அடுத்த சைஸ் பிஸ்டனுக்கு இடம் இருக்கு. அதோட முடிவு ஆச்சு.

இதே மாதிரி வேலை பார்க்கிறவங்களுக்கு மூணு விசயம். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செஞ்சது. 2000-ல நாடு முழுக்க அதை நிறுத்திட்டாங்க. அதனால எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட் போடச் சொல்லுங்க. ரெண்டாவது, இப்போ பங்க்ல வர்றது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஓஸும் பெட்ரோல் பம்பு டயாப்ரமும் அதைத் தாங்காது, எல்லாத்தையும் மாத்திருங்க. மூணாவது, இன்ஜினை மாத்துறதுன்னா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்தணும். எங்களுக்கும் டீசல்ல இருந்து பெட்ரோலுக்குத் திரும்ப அந்த அலைச்சல் இருக்கு. அதை விட்டுட்டு ஓட்டினா, விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல மாட்டிக்குவோம்.

நேத்து பிளாக்கை போரிங்குக்கு அனுப்பியாச்சு. வண்டி கிளம்புற வரைக்கும் சித்தப்பா திண்ணையில பேசாம உக்காந்திருந்தார். அப்புறம், "அந்த டீசலைக் காயலாங்கடைக்குப் போட்டுறாதடா"ன்னார். போடல. பெட்ரோல் இன்ஜின் இருந்த அதே கட்டை மேல இப்போ அது இருக்கு.