ராஜத்துரோகமும் தேசத்துரோகமும்

அப்பா தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகு ஆபீஸில் என்னப்பா மாற்றம் என்று கேட்டால், "சுவத்துல படம் மாறியிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்பார். அதே பட்டா, அதே அடங்கல், அதே மனு. ஆனால் வீட்டில் யாராவது அரசியல் பேசினால் மட்டும் மெதுவாகப் பேசச் சொல்வார். "நான் கவர்மெண்ட் ஸ்டாஃப்டா." படம் மாறினாலும் மாறாத ஒன்றிடம் சம்பளம் வாங்கியவர், படத்தில் இருப்பவருக்கு ஏன் பயந்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

தமிழில் இரண்டுக்கும் 'அரசு' என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பத்தில் பாதி அங்கேதான். நிலம், மக்கள், சட்டம், நீதிமன்றம், வரி, படை எல்லாம் சேர்ந்து நீடிப்பது அரசு. அதை இப்போதைக்கு நடத்துபவர்கள் அரசாங்கம். யார் நடத்துவது, எப்படி நடத்துவது என்ற சண்டை அரசியல். என் தொழில் பாஷையில் சொன்னால், சர்வர் வேறு, இன்றைக்கு அதில் அட்மினாக லாகின் செய்திருப்பவர் வேறு. இந்த உவமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். சர்வருக்கு யாரையும் ஜெயிலில் போடத் தெரியாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு சட்டப் பிரிவின் கதையே போதும். 1860-ல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது இல்லை. 1870-ல் 124ஏ என்று நுழைத்தார்கள். சட்டப்படி அமைந்த அரசாங்கத்தின் மீது வெறுப்பை, விசுவாசமின்மையைத் தூண்டுவது குற்றம். கவனியுங்கள், அரசின் மீது அல்ல, அரசாங்கத்தின் மீது. காலனியில் இரண்டும் ஒன்றுதான். ஓட்டுப் போட்டு வைஸ்ராயை மாற்ற முடியாது என்றால், அரசாங்கம் வேண்டாம் என்று சொல்வதற்கும் அந்த அரசே வேண்டாம் என்று சொல்வதற்கும் நடுவில் இடைவெளி ஏது?

வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் அவர் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் போட்டி ஒரு ஆங்கிலேயத் தனியார் கப்பல் கம்பெனி. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதுவும் தனியார் மில்தான். கடைசியில் அவர்மேல் வந்து விழுந்தது 124ஏ. நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அதே பிரிவில் திலகர் தண்டிக்கப்பட்டார். 1922-ல் அகமதாபாத்தில் காந்தி, அன்பைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது என்று கோர்ட்டிலேயே சொல்லிவிட்டு ஆறு வருஷ தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

அன்றைய தமிழில் இதற்குப் பெயர் ராஜத்துரோகம். நியாயமான பெயர், ராஜா இருந்தார். 1947-க்குப் பிறகு ராஜா போனார், பிரிவு போகவில்லை. 1951-ல் நேரு நாடாளுமன்றத்தில் இதை அருவருப்பானது என்று பேசினார். பேசியதோடு சரி. நம் பத்திரிகைகள் மெல்ல 'தேசத்துரோகம்' என்று எழுத ஆரம்பித்தன. சட்டத்தில் தேசம் என்ற சொல்லே கிடையாது! ராஜாவிலிருந்து நேரே தேசத்துக்குத் தாவியதில், நடுவில் நின்ற அரசாங்கம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மந்திரியைத் திட்டியவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் ஆனான்.

நீதிமன்றம் இதை ஒருமுறை பிரித்துப் பார்த்தது. பீகாரில் கேதார்நாத் சிங் என்ற கம்யூனிஸ்ட், 1953-ல் பரௌனி கிராமத்துக் கூட்டத்தில் சி.ஐ.டி.காரர்களை நாய்கள் என்றார், காங்கிரஸ்காரர்களைக் குண்டர்கள் என்றார். ஒரு வருஷம் தண்டனை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1962-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். சட்டப்படி அமைந்த அரசாங்கம் என்பது அரசின் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். இப்போது நிர்வாகம் நடத்தும் ஆட்கள் வேறு. அந்த ஆட்களை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் குற்றமில்லை, வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ தூண்டினால்தான் குற்றம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் வர வேண்டிய வித்தியாசம், ஆனால் அதைச் சொன்ன அதே தீர்ப்பில் கேதார்நாத்தின் அப்பீல் தள்ளுபடி ஆனது. பிரிவும் செல்லும் என்றார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்று ஆக்கியது. வெள்ளைக்காரன்கூட போலீஸுக்கு இந்த வசதியைக் கொடுத்திருக்கவில்லை.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124ஏ-வை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 152-ஆம் பிரிவு. இப்போது குற்றத்தின் வரையறையில் அரசாங்கம் என்ற சொல் இல்லை. இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிப்பதுதான் குற்றம். தாளில் பார்த்தால் அரசும் அரசாங்கமும் ஒருவழியாகப் பிரிந்துவிட்டன.

ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு அந்தப் பிரிவைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "கேஸ் போடுறது யாருடா?" என்றார்.

"லோக்கல் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்தாம்ப்பா."

"அவரு டிரான்ஸ்ஃபர் யாரு கையில?" என்றார்.