கேள்வி கேட்கும் உரிமை: குழந்தைப் பருவ உடற்பருமன் தடுப்பு ஆய்வில் சமூகப் பங்கேற்பின் வளர்ச்சி (1971–2021)

குழந்தைப் பருவ உடற்பருமனைத் தடுக்க நடந்த ஆய்வுகளில் ஊர்மக்களுக்கு நெடுங்காலம் ஒரே வேலைதான் இருந்தது: பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் அளக்கச் சம்மதிப்பது. எதை ஆராய்வது, தரவு யாரிடம் இருப்பது, முடிவுக்கு என்ன பொருள் கொள்வது ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்களே தீர்மானித்தன. இந்த அதிகாரம் எவ்வாறு கைமாறத் தொடங்கியது என்பதை நான்கு நாடுகளின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை வைத்தே பங்கேற்பின் ஆழத்தை அளக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

1. முன்னோடி

பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் பெருமளவில் இறந்துகொண்டிருந்தனர். 1971இல் அம்மாகாணத்தின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி அரசிடம் உதவி கோரி மனு அளித்தனர். பெக்கா புஸ்கா தலைமையில் 1972இல் திட்டம் தொடங்கியது. இது பெரியவர்களின் இதயநோய் பற்றியது என்றாலும், நோய்த்தடுப்பை மருத்துவமனைக்கு வெளியே, ஓர் ஊரின் அன்றாட வாழ்வில் வைத்து ஆராயலாம் என்ற வழியைக் காட்டியது. பிற்காலத்தில் குழந்தைகளுக்கான சமூகத் திட்டங்களை வகுத்தவர்களுக்கு இதுவே முன்மாதிரி.

2. ஒரே காலம், இரு பாதைகள்

1990களின் தொடக்கத்தில் வட அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளை முன்னிட்டு இரு பெரிய முயற்சிகள் அடுத்தடுத்து எழுந்தன. முதலாவது, அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய ‘பாத்வேஸ்’. ஏழு பூர்வகுடிச் சமூகங்கள், 41 பள்ளிகள், 1,704 குழந்தைகள் என அதன் பரப்பு பெரியது. பாடங்களையும் உணவு மாற்றங்களையும் வடிவமைக்கும் முன் சமூகத்தினரின் கருத்து முறையாகக் கேட்கப்பட்டது. மூன்றாண்டுத் தலையீட்டின் முடிவில் உணவில் கொழுப்பின் பங்கு குறைந்தது. உடற்கொழுப்பின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டாவது, கனடாவில் மாண்ட்ரியால் அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள கானவாகே என்னும் மோஹாக் ஊரில் பிறந்தது. 1950களில் கப்பல் வழித்தடத்துக்காக நிலம் பறிக்கப்பட்டு, ஊர் ஆற்றங்கரையை இழந்திருந்தது. வெளியார் எடுக்கும் முடிவு என்ன செய்யும் என்பதை நேரில் கண்ட மக்கள் அவர்கள். 1980களில் ஊர் மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆன் மெக்காலேயும் லூயி மாண்டூரும் நடத்திய ஆய்வில், 45 முதல் 64 வயதினரில் 12 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. இது பொது மக்கள்தொகையில் இருந்ததைப்போல் இருமடங்கு. மருத்துவர்கள் இம்முடிவை ஊரார் முன் வைத்தனர். வருங்காலத் தலைமுறையையாவது காக்க வேண்டும் என்று மூத்தோர் வலியுறுத்தினர். 1994இல் இரு தொடக்கப் பள்ளிகளை மையமாகக் கொண்டு, உடற்பருமனைக் குறைப்பதன் வழியே சர்க்கரை நோயைத் தடுக்கும் திட்டம் உருவானது.

கல்வி, சுகாதாரம், விளையாட்டு எனப் பல துறைகளைச் சேர்ந்த உள்ளூர்வாசிகள் அமர்ந்த ஆலோசனைக் குழு இத்திட்டத்தை வழிநடத்தியது. 1995இல் எழுதப்பட்ட அதன் ஆய்வு நெறிமுறைதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் சமூகம் பங்காளி. முடிவுகளை முதலில் அறிய வேண்டியது ஊர். தரவுக்குப் பொருள் கொள்வதில் ஒருமித்த கருத்து எட்டப்படாவிட்டால் இரு தரப்புக் கருத்துகளும் வெளியிடப்பட வேண்டும். அறிஞரின் விளக்கத்தோடு உடன்படாத ஊரின் குரலும் கட்டுரையில் இடம்பெறும் உரிமையை இந்த விதி உறுதிசெய்தது.

உடலளவில் கிடைத்த பலன் பெரிதல்ல. 2005இல் வெளியான மதிப்பீட்டின்படி, தோல்மடிப்புத் தடிமனில் தொடக்கத்தில் தெரிந்த நன்மை உடல் நிறைக் குறியீட்டில் தெரியவில்லை. ஆனாலும் ஊர் திட்டத்தைக் கைவிடவில்லை. அரசு நிதி நின்றபோதும் அது தொடர்ந்தது. இதே திசையில், 2010இல் கனடாவின் தேசிய ஆய்வு நெறிமுறையில் பூர்வகுடி மக்கள் தொடர்பான ஆய்வுகளுக்கெனத் தனி அத்தியாயமே சேர்ந்தது.

3. பள்ளியிலிருந்து ஊர் முழுமைக்கும்

புத்தாயிரத்தில் ஆய்வு பள்ளிச் சுவரைத் தாண்டியது. மாசசூசெட்ஸின் சாமர்வில் நகரில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா எகனாமோஸ் குழு 2002இல் பணியைத் தொடங்கியது. குழந்தை ஒன்றின் ஆற்றல் சமநிலையில் நாளொன்றுக்கு 125 கலோரி வரை மாற்றம் காண்பது இலக்கு. பள்ளி மதிய உணவில் காய்கனிகள் கூடின. உணவகங்கள் பட்டியலை மாற்றின. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்லும் வழிகள் பாதுகாப்பாக்கப்பட்டன. ஒரு கல்வியாண்டில், ஒப்பீட்டு நகரங்களைவிட இங்கே வயதுக்கேற்பத் திருத்திய உடல் நிறைக் குறியீடு சுமார் 0.1 புள்ளி குறைந்தது.

ஆஸ்திரேலியாவின் கோலாக் என்ற சிறுநகரம் 2003 முதல் 2006 வரை தன் செயல்திட்டத்தைத் தானே வகுத்து நடத்தியது. டீக்கின் பல்கலைக்கழகம் துணைநின்றது. 4 முதல் 12 வயதுக் குழந்தைகள் ஒப்பீட்டுப் பகுதியினரைவிடச் சராசரியாக 0.92 கிலோ குறைவாகவே எடை கூடினர். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஒப்பீட்டுப் பகுதியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் பருத்தனர். கோலாக்கில் அந்த ஏற்றத்தாழ்வு தென்படவில்லை.

கோலாக் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்திலேயே, பின்னர் பத்துச் சமூகங்களில் நடந்த ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. பிள்ளைகள் ஏன் பருக்கிறார்கள் என்பதற்கான காரணங்களையும் அவற்றின் பிணைப்புகளையும் மக்களே வரைபடமாக்கினர். இரண்டாம் ஆண்டில் தெரிந்த முன்னேற்றம் நான்காம் ஆண்டில் நிலைக்கவில்லை என்று 2021இல் வெளியான முடிவு தெரிவித்தது.

4. முடிவுரை

பங்கேற்பு மட்டுமே பிள்ளைகளின் எடையைக் குறைத்துவிடும் என்று இச்சான்றுகளைக் கொண்டு கூற இயலாது. மலிவான இனிப்புப் பானமும் விளம்பரமும் ஊர் எல்லைக்கு வெளியிலிருந்து வருகின்றன; அவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அரசுகளுடையது. எனினும் இரண்டு உண்மைகள் உறுதியாகின்றன. ஊர் தனதாக்கிக்கொண்ட பணி, நிதி வறண்டாலும் நிலைக்க முடியும். திட்டத்தை ஊரே வகுக்கும்போது, அதன் பலன் ஏழைப் பிள்ளைகளையும் எட்ட முடியும். ஆகவே நிதியளிப்போர், விண்ணப்பம் எழுதி முடிந்தபின் மக்களின் ஒப்புதலைத் தேடுவதை நிறுத்த வேண்டும். ஆய்வுக் கேள்வி உருவாகும் நாளிலேயே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மேசையில் இடம் வேண்டும். கானவாகே எழுதிய விதியைப்போல, மாறுபடும் உரிமையும் எழுத்தில் வேண்டும். தங்கள் பிள்ளைகளின் உடலைப் பற்றிய அறிவில் ஊர்மக்களுக்குள்ள பங்கு சலுகையன்று, உரிமை.