பாசறைக்கு வழி சமைத்தவர்கள்

நுவரெலியா நகரை அடுத்து ‘பரக் பிளேன்ஸ்’ என்று ஒரு வெளி உண்டு. பரக் என்பது படைவீரர் தங்கும் மனை. கந்தப்பளையிலிருந்து கோவாவும் கரட்டும் லீக்சும் ஏற்றிவரும் லொறிகள் ஆறேழு மைல் கடந்து நுவரெலியாவை அடைகின்றன. அந்நகரம் படைவீரர்க்கென உண்டானது என்பதையும், அவ்வெளிக்குப் பெயர் தந்த பாசறையையும் இன்று நினைப்பார் மிகச் சிலர். தேயிலையால் எழுந்த ஊர் நுவரெலியா என்றே பலரும் எண்ணுகின்றனர். தேயிலைக்கும், அதற்கு முந்திய கோப்பிக்கும் முன்னரே அங்கு வந்து சேர்ந்தது பாசறை.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அவர்கள் கொடுமையாக அடக்கினர். ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. ஆயினும் அப்போரில் வாளாலும் குண்டாலும் மடிந்த ஆங்கிலப் படைவீரரைக் காட்டிலும் காய்ச்சலால் மடிந்தோரே மிகப் பலர். வென்ற நாட்டில் உயிர்வாழ்வது எங்ஙனம் என்பதே அன்றைய ஆட்சியாளரின் பெருங்கவலையாயிற்று. இந்நிலையில் 1819இல் இராணுவ மருத்துவரான ஜோன் டேவி மலைமேல் ஏறி, மக்கட் குடியிருப்பற்று யானைகள் உலவிய ஓர் உயர்ந்த சமவெளியைக் கண்டார். கடல் மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தின் குளிர் ஐரோப்பியர் உடலுக்கு ஏற்றதென அவருக்குத் தோன்றியது. விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் இளவல் அவர். 1821இல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

டேவி கண்ட வெளியை நகராக்கியவர் தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூப் போர்க்களத்திற் காயமுற்ற தளபதி அவர். எதனையும் படைத்தலைவனின் கண்கொண்டு நோக்கியவர். 1828ஐ ஒட்டி, நோயுற்ற படைவீரர் தங்கி உடல் தேறுவதற்கென நுவரெலியாவில் ஒரு நிலையத்தை அமைத்தார். தமக்கென அங்கு ஒரு மாளிகையும் எழுப்பினார். அதுவே பிற்காலத்தில் ‘கிராண்ட் ஹொட்டேல்’ ஆயிற்று. நோயாளர் வந்து தேறுதற்கோ அவர்க்கு அரிசியும் மாவும் சாராயமும் மருந்தும் வந்து சேர்தற்கோ வழி வேண்டும். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகச் செங்குத்தான மலையை அறுத்து அவ்வழியை எவர் சமைத்தார் என்பதே ஈண்டுக் கேட்கவேண்டிய கேள்வி.

வீதி வேலைக்குப் பார்ன்ஸ் இரு வகையான மக்களைப் பயன்படுத்தினார். கண்டி அரசர் காலத்திலிருந்து வந்த இராசகாரிய முறைப்படி கூலியின்றி உழைக்க வேண்டியவராயிருந்த சிங்களக் கிராமத்தவர் ஒரு வகையினர். மன்னர் காலத்தில் நிலத்தோடும் வழக்கத்தோடும் பிணைந்திருந்த அக்கடமை, ஆங்கிலேயர் கையில் வெறும் கட்டாய உழைப்பாக மாறிற்று. மற்றவர், ‘பயனியர்’ எனப்பட்ட முன்னோடிப் படைப்பிரிவினர். தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்து, படை அதிகாரிகளின் கீழ்ப் படை ஒழுங்கில் நடத்தப்பட்ட தொழிலாளர் அவர். அவர்தம் கையில் இருந்தவை அலவாங்கும் மண்வெட்டியும் வெடிமருந்துமே. கோப்பித் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்னரே மத்திய மலைநாட்டில் மண் வெட்டிய தமிழர் இவர் என்பதை வரலாறு கற்போர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் வீதி வேலையின் பாரம் மேலும் மேலும் இப்பயனியர்மீதே விழுந்தது.

அவர்களை நடத்தியவருள் தலைசிறந்தவர் தோமஸ் ஸ்கின்னர். 1804இற் பிறந்தவர், பதினைந்து வயதிற் படையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டே கண்டி வீதியின் ஒரு பகுதியை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். பொறியியல் கற்றவரல்லர், காட்டையும் மலையையும் நேரிற் கண்டே கற்றவர். 1841இல் வீதி ஆணையாளரானார். இலங்கையின் வீதிகளுக்குத் தந்தை என ஆங்கில நூல்கள் அவரைப் போற்றும். அப்புகழ் அவர்க்கு உரியதே. கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கின்றது. பார்ன்சுக்குக் கொழும்பிற் சிலை எழுந்தது. நாட்டின் வீதித் தூரங்கள் அச்சிலையினின்றே அளக்கப்பட்டன. அளக்கப்பட்ட ஒவ்வொரு மைலையும் கல்லுடைத்துச் சமைத்த பயனியருக்கோ நடுகல் ஒன்றுதானும் இல்லை. அவர்களுள் ஒருவரது பெயரையேனும் பாடநூல்கள் சொல்வதில்லை.

பாசறைக்கென வந்த வீதியிற் கோப்பி இறங்கியது. இதிலும் படையின் கை உண்டு. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். கண்டியிற் படைத்தலைவராயிருந்த கேணல் ஹென்றி பேர்ட் அவருடைய உடன்பிறந்தார். தேசாதிபதி பார்ன்சும் கண்டியை அடுத்த கன்னொறுவையிற் சொந்தத் தோட்டம் வைத்திருந்தார். படை அதிகாரிகளும் அரச உத்தியோகத்தரும் முடிக்குரிய நிலத்தை வாங்கித் துரைமாரானமையின், பாசறைக்கும் தோட்டத்திற்கும் இடையே வேலி இருக்கவில்லை. பாசறையைக் காக்கவும் வீதியைப் பேணவும் ஆகும் செலவு வரிப்பணத்தினின்று போயிற்று. அவ்வீதியில் இறங்கிய கோப்பியின் இலாபம் தோட்டக்காரர் பெட்டியை அடைந்தது. படையும் ஊரும் ஒன்றையொன்று தாங்கின என்று கூறும்போது, ஊர் என்பது யாரை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தோட்டத்துப் பேச்சு மொழியே இதற்கொரு சான்று. விடியற்காலையிலே தொழிலாளர் கூடி நிற்கும் இடம் ‘பிரட்டுக்களம்’. பிரட்டு என்பது படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்னும் சொல்லின் திரிபே. அவர் குடியிருக்கும் ‘லயம்’, வரிசையெனப் பொருள்படும் லைன் என்பதன் திரிபு. இந்தியாவின் தண்டுகளிற் சிப்பாய்கள் வரிசையாகக் குடியிருந்த மனைகளுக்கும் அதுவே பெயர். பயனியர் படைப்பிரிவின் ஒழுங்கு தோட்டத்துள் புகுந்து, அதிகாலைப் பெயர்க்கணக்காகவும் பத்தடி அறையாகவும் நிலைத்துவிட்டது. படைவீரனுக்குச் சேவை முடிவில் ஓய்வூதியம் என ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளி பாசறையிலிருந்து பெற்றது கட்டுப்பாடு ஒன்றே.

நுவரெலியாவின் படை நிலையம் தொடக்கத்து மதிப்பை நெடுங்காலம் காக்கவில்லை. காய்ச்சலிலிருந்து தேறவென அங்கு வந்த சாமுவேல் பேக்கர், 1848இல் ஆங்கிலக் குடியானவர்களையும் உயர்சாதி மாடுகளையும் கொண்டுவந்து ஒரு குடியேற்றம் அமைத்தார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற அதே பேக்கர்தான். அவர் விதைத்த பயிரை மரைகளும் பன்றிகளும் புழுக்களும் அழித்தன. ஆயினும் உருளைக்கிழங்கும் ஐரோப்பிய மரக்கறியும் அம்மண்ணில் விளையும் என்னும் எண்ணம் அழியவில்லை. இன்று கந்தப்பளையில் அவை விளைவதைக் காண்போர் அதை உணர்வர். கோப்பி 1869 முதல் இலைநோயால் வாடிற்று. தேயிலை மேலேறி வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஓடத் தொடங்கிய சிறு இரயில், 1940களில் மூடப்படும்வரை அப்பகுதியின் தேயிலையைச் சுமந்தது.

அதற்குள் மலைநாட்டின் பாசறை இடம்பெயர்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து வரும் இரயில் 1885இல் நானுஓயாவை எட்டி, 1894இற் பண்டாரவளையை அடைந்தது. அப்பாதையில், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், புல்வெளி சூழ்ந்த தியத்தலாவை உள்ளது. 1900இல் தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர்களை ஆங்கிலேயர் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். ஏறக்குறைய ஐயாயிரவராகிய அவருட் பெரும்பாலோர் தியத்தலாவையில் தகரக் கொட்டகைகளிலே தங்கவைக்கப்பட்டனர். ஒரு சிறு மலைச்சாரலில் திடீரென ஒரு நகரம் தோன்றியது போலாயிற்று. அத்துணைப் பேருக்கும் காவலர்க்கும் வேண்டிய உணவும் விறகும் நாள்தோறும் சேரவேண்டும். சிறைப்பட்டோர் மரத்திற் கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். காய்ச்சலால் இறந்தோரின் நினைவுச் சின்னம் இன்றும் அங்கு உளது. இரு உலகப் போர்களின் தொடக்கத்திலும் ஜெர்மானியர் அங்கே காவலில் வைக்கப்பட்டனர். புகழ்பெற்ற பௌத்த துறவியாகிய ஞானதிலோக தேரரும் பிறப்பால் ஜெர்மானியராதலின் இருமுறையும் அவ்வேலிக்குள் இருந்தார்.

அதே 1900இல் தோட்டத்துரைமாருக்கென ‘இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை’ கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. 1914இல் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குச் சென்று, பின்னர் கலிப்பொலிப் போர்முனையில் தளபதி பேர்ட்வுட்டின் மெய்காவலராகவும் பணியாற்றியது. ஐரோப்பியருக்கே உரியதாயிருந்த அப்படையிலே தொழிலாளிக்கு இடமில்லை. துரை போருக்குப் போன காலத்தும் கொழுந்து தளிர்ப்பது நிற்கவில்லை; பறிப்பதும் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய உணவு அமைச்சு இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கியது. பாலைவனத்திலும் பர்மாக் காட்டிலும் நின்ற படைவீரனுக்குத் தேநீர் உணவின் ஒரு பகுதியாயிருந்தது. 1942இற் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது, அத்தேயிலையைப் பறித்தவளின் அடுப்பில் கோதுமை மா ஏறிற்று. அன்று வந்த ரொட்டி லயத்தைவிட்டு இன்னும் போகவில்லை.

இவ்வுதவிக்குக் கிடைத்த கைம்மாறு யாது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் இலங்கை இராணுவம் உருவாயிற்று. 1950இற் புதிய படைவீரர்க்கான பயிற்சி நிலையம் தியத்தலாவையில் அமைந்தது. பின்னர் அங்கேயே இராணுவக் கல்லூரி வளர்ந்தது. தேயிலை மலைகள் சூழ்ந்த அப்பாசறையில், அம்மலைகளில் உழைத்தோரின் மைந்தர் சேர்வதற்கு முதலில் குடியுரிமை வேண்டும். அதுதான் அவர்களிடம் இல்லை. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. இடையே 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் மலையகத் தமிழர் உயிரும் உடைமையும் இழந்தனர். பின்வந்த நீண்ட போர்க்காலத்தில், சீருடை கண்டால் ஒதுங்கி நிற்பது தோட்டத்து இளைஞர்க்கு வழக்கமாயிற்று. பாசறைக்கும் லயத்துக்கும் இடையே மைல் சிலவாயினும் தூரம் பெரிதாயிருந்தது.

அத்தூரம் சிறிது குறைந்த காலைப்பொழுது ஒன்று உண்டு. குறைத்தது ஒரு பேரிடர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தனர். வீட்டிலிருந்த பெற்றோர் மண்ணுள் புதைந்தனர். இராணுவத்தினர் நாட்கணக்காகச் சேற்றில் இறங்கித் தேடினர். எந்த இடத்தில் எந்த வீடு இருந்தது என்று அவர்க்குக் காட்டியவர் உயிர்பிழைத்த தொழிலாளரே. தொழிலாளரின் மொழி அறியாத சிப்பாயும், சிப்பாயின் மொழி சிறிதே அறிந்த தொழிலாளியும் கைச்சாடையால் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. மலையைத் தோட்டமாக்கியபோதே சரிவின் வித்து இடப்பட்டது என்பார் உளர். அபாய எச்சரிக்கை முன்னரே வந்திருந்தும் மக்களுக்கு மாற்று நிலம் கிடைக்காமற் போனது அதனினும் பெரிய குறை. அதற்குச் சிப்பாயைக் குறைகூறுதல் தகாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கி அறுநூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. நுவரெலியாவிற்கு ஏறும் வீதிகள் துண்டிக்கப்பட்டு, நகரம் சில நாட்கள் தனித்துக் கிடந்தது. மரக்கறி இறங்கவும் உணவும் மருந்தும் ஏறவும் வழியில்லை. படையினரும் வீதிப் பணியாளரும் மண்ணை அகற்றினர். ஊர்மக்களும் மண்வெட்டியோடு வந்து நின்றனர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் பயனியர் அறுத்த இறம்பொடை மலையும் அன்று சரிந்த இடங்களுள் ஒன்று.