மின்னஞ்சற் கையொப்பமும் செய்நிரல் மீளாய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓலையாயினும் தாளாயினும், மடலொன்றின் மதிப்பு அதனை விடுத்தவர் யார் என்பது ஐயமற விளங்குவதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. முத்திரையும் கையொப்பமும் இதன்பொருட்டே தோன்றின. எனினும், 1982ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரெல் வகுத்தளித்த மின்னஞ்சற் பரிமாற்ற நெறிமுறையில் இத்தகைய ஏற்பாடெதுவும் இடம்பெறவில்லை. அனுப்புநர் தம் முகவரியென எதனைக் குறிப்பிடினும் அதனைப் பெறும் கணினி அவ்வாறே ஏற்றுக்கொண்டது. ஆய்வாளர்கள் தம்முள் மடல் பரிமாறிய சூழலில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. 1990களில் வலையமைப்பு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும் பொய்ம்முகவரி மடல்கள் பெருகலாயின.

இதற்கான தீர்வின் அடிப்படை முன்னரே அறியப்பட்டிருந்தது. 1976இல் டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவரும் பகிரங்கச் சாவிக் கோட்பாட்டை வெளியிட்டனர். மறு ஆண்டில் றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் அதற்குரிய கணித வழியைக் கண்டனர். அந்தரங்கச் சாவியால் இடப்படும் கையொப்பத்தைப் பகிரங்கச் சாவியால் எவரும் சரிபார்க்கலாம் என்பதே இதன் சாரமாகும். 1991இல் பில் சிமர்மன் வெளியிட்ட பீ.ஜீ.பீ. என்னும் செய்நிரல் தனிமனிதரின் மடல்களுக்கு இவ்வசதியை அளித்தது. ஆயினும், சாவிகளைப் பேணும் சுமை பயனரைச் சார்ந்தமையால் அது பொதுவழக்காகவில்லை.

அச்சுமையை அஞ்சல் சேவையகத்திடம் மாற்றியமையே அடுத்த கட்டமாகும். யாஹூ நிறுவனமும் சிஸ்கோ நிறுவனமும் தனித்தனியே வகுத்த முறைகள் இணைக்கப்பட்டு, 2007இல் டீ.கே.ஐ.எம். என்னும் நியமம் வெளியாயிற்று. வெளிச்செல்லும் ஒவ்வொரு மடலிலும் சேவையகத்திலுள்ள செய்நிரல் கையொப்பமிடும். அதனைச் சரிபார்க்கும் பகிரங்கச் சாவி நிறுவனத்தின் ஆள்களப் பெயர்ப் பதிவில் வைக்கப்படும். இவ்வாறு, ஒரு நிறுவனத்தின் நம்பகம் அதன் சாவியையும் அச்சாவியை ஆக்கிய செய்நிரலையும் சார்ந்ததாயிற்று.

அச்செய்நிரலைப் பரிசோதிப்பவர் யார் என்ற வினா ஈண்டு எழுகின்றது. டெபியன் இயங்குதளத்தில் நேர்ந்த நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். 2006இல் அதன் பராமரிப்பாளர் ஒருவர், ஓப்பின்எஸ்எஸ்எல் என்னும் மறையீட்டு நூலகத்தில் இரு வரிகளை நீக்கினார். நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியொன்று அவ்வரிகளைக் குறித்து எச்சரித்தமையே காரணமாகும். நீக்குமுன் அவர் அந்நூலகத்துக்குரிய மடற்குழுவில் கருத்துக் கேட்டார்; கடும் மறுப்பு எழவில்லை. அவ்விரு வரிகளும் தோற்றத்தில் ஒன்றாயிருந்தன, பயனிலோ வேறுபட்டிருந்தன. ஒன்றை நீக்குவதால் தீங்கில்லை. மற்றையது சாவியாக்கத்துக்கு வேண்டிய எதேச்சைத்தன்மையை ஊட்டிய வரியாகும். அது மறைந்ததும், கணினி தன் செயன்முறைக்கு இடும் இலக்கமே எஞ்சியது. விளைவாக, ஒரு வகைக் கணினியில் ஒரே அளவான சாவிகள் ஏறத்தாழ 32,000 மட்டுமே பிறக்கக்கூடியனவாயின. அவை அனைத்தையும் முன்கூட்டியே ஆக்கி வைத்திருப்பவர் எவருக்கும் அந்தரங்கச் சாவி அந்தரங்கமன்று.

2008 மே 13ஆம் திகதி, லூசியானோ பெலோ கண்டறிந்த இவ்வழு பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது மாதங்கள் அது மறைந்திருந்தமைக்குக் காரணம் தெளிவானது. நலிந்த சாவியும் முறையாகவே கையொப்பமிட்டது. சரிபார்ப்பும் வெற்றியாகவே முடிந்தது. இயக்கிப் பார்க்கும் சோதனையில் வழு புலப்படவில்லை. வரிகளை வாசித்து, ஒவ்வொன்றும் ஏன் உள்ளது என வினவியிருந்தாலன்றி அது வெளிப்பட்டிராது.

வழு திருத்தப்பட்டதோடு வரலாறு முடிந்துவிடவுமில்லை. செய்நிரலைத் திருத்துவதால் அது முன்னர் ஆக்கிய சாவிகள் திருந்துவதில்லை. டீ.கே.ஐ.எம். சாவிக்கு முடிவுத் திகதியும் குறிக்கப்படுவதில்லை. 2024இலும் இத்தகைய நலிந்த சாவிகள் மின்னஞ்சற் கையொப்பத்தில் வழங்கிவந்தமை ஆய்வொன்றினால் வெளியாயிற்று.

திறந்த மூலச் செய்நிரலில் பலரது பார்வை படுமாதலின் வழு நிலைக்காது என்பர். பார்க்க இயலும் என்பதும் பார்த்தனர் என்பதும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. பராமரிப்பாளர் வினவாமலிருந்தாரல்லர், விடையளித்தோர் அவ்வரிகளின் பயனை ஆராயாது விட்டனர். கையொப்பத்தின் உறுதியைக் கணிதம் தரலாம். அவ்வுறுதியைக் காப்பது பொறுமையுடன் வரிவரியாக வாசிக்கும் மனிதரின் கடமையேயாம்.