எதில் அரம் வைப்பது?

சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம், காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பர் வீட்டில் மழைக்கு ஒதுங்கியவனாக மூன்று நாள் தங்க நேர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் அந்த வீட்டில் ஒரு வழக்கு. நான்தான் நீதிபதி!

பேரன் இயந்திரத் தொழில் படித்தவன். துப்பாக்கி செப்பனிடும் தொழிலுக்கு உரிமம் வாங்கி, பிறர் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி பிஸ்டல்களைத் திருத்தித் தர வேண்டும் என்பது அவன் கனவு. அதற்கு முதல் படியாக, தாத்தாவின் பெட்டியில் உறங்கும் வெப்ளி ஸ்காட் .32 பிஸ்டலைக் கேட்டான்.

"சார், நீங்களே சொல்லுங்க. பெட்டியில கிடந்து அது யாருக்கு என்ன பிரயோசனம்?" என்றான்.

"எங்கப்பா கை பட்ட பொருள் அது. அதுல அரம் வைக்க விடமாட்டேன்" என்றார் பெரியவர்.

நான் கதை எழுதுகிறவன். என் கதைகளில் துப்பாக்கி எப்போதும் முதல் தடவையிலேயே வெடிக்கும். அதற்கு மேல் அந்த வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் சரித்திரம் கொஞ்சம் தெரியும். அதைத்தான் சாட்சிக்கு அழைத்தேன்.

1857-இல் இந்தத் தேசத்தையே உலுக்கிய என்பீல்டு துப்பாக்கியை நாம் மறக்க முடியுமா? கொழுப்புத் தடவிய தோட்டா என்ற பேச்சு எழுந்தது அந்தத் துப்பாக்கிக்காகத்தான். வாய் வழியே மருந்து கெட்டிக்கும் அந்த ஆயுதம் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிட்டது. லட்சக்கணக்கில் செய்து குவித்ததை எங்கே கொட்டுவது? ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் வழி சொன்னார். குழாய் நல்ல குழாய், அது இருக்கட்டும். பின்புறம் சில அங்குலத்தை வெட்டிவிட்டு, கீல் வைத்த ஒரு கதவைப் பொருத்தித் தோட்டாவை அந்த வழியே போடலாம் என்றார். 1866-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றது. பாவம், சேர வேண்டிய பணம் முழுவதும் கைக்கு வராமலே, கடன்காரர் தொல்லையோடு அதே ஆண்டில் ஸ்னைடர் மாண்டுபோனார். அவர் யோசனை மட்டும் பிழைத்தது.

அந்த யோசனையின் சூட்சுமம் என்ன? அடிப்படையாக எடுத்த பொருள் உறுதியானது. அதே அளவில் ஏராளமாகக் கிடைப்பது. ஒன்று கெட்டால் இன்னொன்று உண்டு.

பிஸ்டலில் இந்தப் பாடத்தை நடத்திக் காட்டியது ஜான் பிரௌனிங் வகுத்த கோல்ட். 1911-இல் நடந்த சோதனையில் 6,000 குண்டுகளை அது தடங்கலின்றிச் சுட்டது என்பது புகழ் பெற்ற செய்தி. 1985 வரை அமெரிக்கப் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. எண்ணற்ற உறுப்புகள் சந்தையில் கிடைத்ததால், தொழிலாளிகள் அதையே வாங்கி இழைத்து இழைத்துத் தங்கள் கைவண்ணத்தைக் காட்டினார்கள்.

வெப்ளியின் .455 ரிவால்வருக்கு வாய்த்த கதி வேறு. யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவுக்குப் போன பல ரிவால்வர்களின் உருளையைச் சீவி, அங்கே மலிவாகக் கிடைத்த .45 தோட்டா நுழையும்படி செய்தார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தத்தை அந்த எஃகு தாங்குமா என்று யோசித்தவர் குறைவு. இன்று சீவாத ரிவால்வருக்குத்தான் மதிப்பு. சீவியதை வைத்திருப்பவர் சுடவும் அஞ்சுகிறார், விற்கவும் கூசுகிறார்.

"நம்ம ஊருல கோல்ட்டுக்கு எங்க போறது சார்?" என்றான் பையன்.

நியாயமான கேள்விதான். .45, .455, 9 மில்லிமீட்டர் எல்லாம் நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்கு விலக்கப்பட்டவை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றிப் பிறர் துப்பாக்கியைச் செப்பனிடுவதும் உருமாற்றுவதும் குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றை வெட்டிக் கெடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொள்கிற வசதி நமக்கில்லை. பழகுவதற்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32 தான். அதிலும் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர் நாட்டில் பரவலாக இருக்கிறது. அழகில்லை, பெருமையில்லை, ஆனால் பரம்பரைச் சொத்தும் இல்லை.

தீர்ப்பைச் சொன்னேன்:

"தம்பி, முதலில் உரிமம் உள்ள ஒரு தொழிலாளியிடம் போய்ச் சேர். அவர் பட்டறைக்கு வரும் சாதாரண .32-இல் கை பழகட்டும். உன் கை தவறும், தவறத்தான் வேண்டும். தவறினாலும் யார் மனமும் உடையாத பொருளில் தவறட்டும். தாத்தாவின் பிஸ்டலுக்கு இன்னொரு பிரதி கிடையாது."

பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு ஒரு துணியில் எண்ணெய் தொட்டு, அந்த வெப்ளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துச் சாவியைத் தாத்தாவிடம் கொடுத்தான். பெரியவர் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"கத்துக்கிட்டு வாடா. அப்ப நானே எடுத்துத் தரேன்" என்றார்.

வழக்கில் தோற்றவர் யார் என்று எனக்கே விளங்கவில்லை. வெளியே மழை விட்டிருந்தது.