மாண்டார்க்கும் மானம் உண்டு

சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையை நம் முன்னோர் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குகளை வளர்த்த தோட்டத்தை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கினர். பாடம் செய்த விலங்குகளையும் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டையும் கண்டோர் இட்ட வேடிக்கைப் பெயர் அது. ஆனால், கண்ணாடிப் பேழையுள் கிடப்பது ஒரு மனித உடலாயின், அதனையும் வேடிக்கையாகக் காணல் தகுமோ? இவ்வினாவை எகிப்திய அரசர்களின் வரலாறு நம்முன் வைக்கிறது.

மறுமையில் வாழ உடல் அழியாதிருத்தல் வேண்டும் என்பது பண்டை எகிப்தியர் நம்பிக்கை. ஆதலின் உள்ளுறுப்புகளை நீக்கி, ஒருவகை உப்பில் உடலை உலர்த்தி, துணியால் சுற்றிக் கல்லறையில் வைத்தனர். கள்வர் அவற்றைச் சூறையாடவே, ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்னர்க் குருமார் அரச உடல்கள் பலவற்றைத் திரட்டி, தேர் எல் பகரி மலைப்பகுதியில் ஒரு மறைவிடத்தில் வைத்தனர். 1881-ஆம் ஆண்டில் அம்மறைவிடம் ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தது. உடல்களை ஏற்றிய கப்பல் நைல் ஆற்றில் கெய்ரோ நோக்கிச் சென்றபோது, கரையோரச் சிற்றூர்ப் பெண்கள் தலைவிரி கோலமாய் ஒப்பாரி வைத்தனர். ஆடவர் இழவுக்குரிய துப்பாக்கி வேட்டு முழக்கினர். கற்றோர் தொல்பொருளைக் கண்டனர். உழவர் மக்களோ இறந்தோரைக் கண்டனர்!

1886-இல் இரண்டாம் இராம்சேசு மன்னனின் துணிக்கட்டு, நாடாள்வோர் முன்னிலையில் அவிழ்க்கப்பட்டது. பின்னர் அவ்வுடல் காட்சிப்பொருளாயிற்று. 1976-இல் அதனைப் பூஞ்சை அரிக்க, மருத்துவத்திற்காகப் பாரிசு கொண்டுசென்றனர். பிரஞ்சு அரசு படை மரியாதையுடன் வரவேற்றது. 1980-இல் அதிபர் சாதாத், அரசர் உடல்களைப் பலர் காண வைத்தல் முறையன்று எனக் கருதி, அவ்வறையை மூடச்செய்தார். 1994-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 3 அன்று, 18 அரசரும் 4 அரசியரும் ஊர்வலமாகப் புதிய காட்சிச்சாலைக்குச் சென்றனர். 21 வேட்டுகள் முழங்கின.

இவ்வுடல்களால் அறிவுக்கு விளைந்த பயனை நாம் மறுக்கவில்லை. 1910-இல் ரஃபர் என்னும் அறிஞர், 3000 ஆண்டு பழமையான எகிப்திய உடல்களின் சிறுநீரகத்தில் ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைகளைக் கண்டு, அந்நோயின் தொன்மையை நிறுவினார். ஆயினும், ஆராய்தல் வேறு, காட்டுதல் வேறு.

அரசர்க்கு வேட்டு முழங்கியது. அரசரல்லாதார்க்கு? நம் நாட்டு நாகர்களின் முன்னோர் எலும்புகள், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கடல் கடந்து சென்றன. ஆக்சுபோர்டிலுள்ள பிட் ரிவர்சு காட்சிச்சாலை, 2020-இல் மனித எச்சங்களைப் பார்வையிலிருந்து அகற்றியது. எனினும், 2024 அக்டோபரில் நாகர் மண்டையோடு ஒன்று இங்கிலாந்தில் ஏலத்திற்கு வந்தது! நாகாலாந்து முதலமைச்சர் நடுவணரசுக்கு எழுதினார், எதிர்ப்பு வலுத்தது, ஏலம் கைவிடப்பட்டது. 2025-இல் நாகர் குழுவினர் ஆக்சுபோர்டு சென்று தம் முன்னோர் எச்சங்களைக் கண்டனர். உரிமை கேட்க வழித்தோன்றல்கள் உள்ளவிடத்து, அவர்தம் சொல்லே முதற்சொல் ஆதல் வேண்டும்.

கேட்க எவரும் இல்லாதாரும் உளர். செய்ப்பூர் ஆல்பர்ட் மண்டபத்தில் துத்து என்னும் எகிப்தியப் பெண்ணின் உடல் உள்ளது. 2020 ஆகஸ்டில் மழைவெள்ளம் மண்டபத்துள் புகுந்தபோது, ஊழியர் கண்ணாடியை உடைத்து அவ்வுடலை மேலே எடுத்துக் காத்தனர். அவளுக்கு அன்று உறவினர் அவர்களே அல்லரோ!

விடுமுறையில் குழந்தைகளுடன் இத்தகைய இடங்களுக்குச் செல்லும் நம் குடும்பத்தார்க்கு ஒன்று கூறுவோம். பேழையருகே நின்று, “இது என்ன?” என்று குழந்தை வினவினால், “இவர் யார்?” என்று அவ்வினாவைத் திருத்திக் கொடுப்போமாக. அத்திருத்தத்தில் தொடங்குகிறது மாண்டார்க்கு நாம் செய்யும் மரியாதை.